ஒட்டு எங்கே விடுகிறது? கார்பன் பட்டை ஒட்டிய கான்கிரீட் பீமைக் கணினியில் மாடல் செய்வது பற்றி

கேள்வி இதுதான். கான்கிரீட் பீம் ஒன்றின் அடியில் கார்பன் இழைப் பட்டை ஒட்டி ஆய்வகத்தில் சோதித்திருக்கிறார் ஒரு முதுகலை மாணவர். அதே பீமை அபாகஸ் என்ற மென்பொருளில் (பொருளைச் சின்னச் சின்ன எலிமெண்டுகளாகப் பிரித்துக் கணக்குப் போடுவது) மாடல் செய்தால் உச்ச லோடு சோதனையைவிட ஏறக்குறைய 40 சதவீதம் அதிகமாக வருகிறது. மெஷ்ஷை, அதாவது அந்த எலிமெண்டுகளின் வலையை, பொடியாக்கினால் விடை மறுபடி மாறுகிறது. பட்டையைக் கான்கிரீட்டோடு 'டை' கொடுத்துப் பிணைத்திருக்கிறார். தப்பு எங்கே? இவ்வளவு பாடுபட்டு மாடல் செய்யத்தான் வேண்டுமா, விதிநூலில் உள்ள சூத்திரமே போதாதா?

தப்பின் பெரும்பகுதி அந்த 'டை'யில்தான் இருக்கிறது. 'டை' கொடுத்தால் ஒட்டு ஒருநாளும் விடாது என்று கணினியிடம் சொல்லிவிடுகிறோம். நிஜ பீமோ பெரும்பாலும் ஒட்டு விட்டுத்தான் உடைகிறது.

சோதனை முடிந்த பீமின் அடியில் பிய்ந்து தொங்கும் பட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கார்பன் சிலாம்பு தோலில் ஏறினால் எடுப்பது கஷ்டம். ஒட்டும் வேலை ஒழுங்காக நடந்திருந்தால் எபாக்சி பசை பட்டையிலேயே இருக்கும். அதற்கு மேல் சாம்பல் நிறத்தில் சில மில்லிமீட்டர் கான்கிரீட் தோல்போலப் படிந்திருக்கும். மணல் மணி தெரியும், அங்கங்கே ஜல்லியின் முனையும் தெரியும். அதாவது பசை தோற்கவில்லை, பசைக்கு அடுத்திருந்த மெல்லிய கான்கிரீட் அடுக்கு கிழிந்திருக்கிறது. பசை கான்கிரீட்டைவிடப் பல மடங்கு வலுவானது. சங்கிலியில் நைந்த கண்ணி கான்கிரீட்டின் மேல்தோல். இதைப் புரிந்துகொண்டால் மாடலில் எதை எங்கே வைக்க வேண்டும் என்பது பாதி தெளிந்துவிடும்.

பட்டை எவ்வளவு மெல்லியது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தில் லூசர்ன் அருகே உள்ள ஈபாக் பாலத்தில், துளை போடும்போது முன்தகைவுக் கம்பி (முன்கூட்டியே இழுத்துவைத்த எஃகுக் கம்பி) சேதமாகி, 1991-இல் கார்பன் பட்டை ஒட்டிச் சரிசெய்தார்கள். எஃகுத் தகடாக இருந்தால் 175 கிலோ தேவைப்பட்டிருக்கும்; கார்பன் 6.2 கிலோவில் முடிந்தது. அவ்வளவு சின்னப் பொருளுக்குள் அவ்வளவு பெரிய விசை போய்ச் சேர வேண்டுமென்றால், அது போகும் வழி அந்தக் கான்கிரீட் தோல் ஒன்றுதான்.

சரி, அந்தத் தோலை எப்படி எண்களாக்குவது? பட்டைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே, நழுவல் எவ்வளவு இருந்தால் வெட்டுத் தகைவு (ஓர் அலகுப் பரப்பில் அதன் வழியே இழுக்கும் விசை) எவ்வளவு என்று ஓர் உறவு வேண்டும். 2005-இல் லு, டெங், யே, ஜியாங் ஆகியோர் வெளியிட்ட இருகோட்டு மாதிரியைத்தான் நான் எப்போதும் முதலில் எடுப்பேன். முதல் கோடு ஏறும், இரண்டாவது கோடு இறங்கிச் சுழியில் முடியும். உச்சத் தகைவு, கான்கிரீட்டின் இழுவிசை வலிமையைப்போல் 1.5 மடங்கு. உச்சத்தில் நழுவல், அதே வலிமையை 0.0195 ஆல் பெருக்கினால் வருவது. கோட்டுக்குக் கீழுள்ள பரப்பு, அதாவது ஒட்டின் முறிவு ஆற்றல், இழுவிசை வலிமையின் வர்க்கமூலத்தைப்போல் 0.308 மடங்கு. இவற்றோடு அகல விகிதத்துக்கான ஒரு திருத்தக் காரணி சேரும். முறிவு ஆற்றலில் அது வர்க்கமாக வரும். பட்டையின் அகலம் கான்கிரீட் அகலத்தில் பாதி என்றால் அந்தக் காரணி சரியாக 1 ஆகிவிடுவதால் கீழே அதையே எடுத்துக்கொள்கிறேன்.

200 மி.மீ. அகலக் கான்கிரீட், இழுவிசை வலிமை 2.5 மெகாபாஸ்கல். பட்டை 100 மி.மீ. அகலம், 1.2 மி.மீ. தடிமன், யங் குணகம் (பொருளின் விறைப்பு) 165 ஜிகாபாஸ்கல். உச்ச ஒட்டுத் தகைவு 3.75 மெகாபாஸ்கல் வருகிறது. அப்போது நழுவல் 0.049 மி.மீ. முறிவு ஆற்றல் 0.487 நியூட்டன்/மி.மீ. ஒட்டு முழுதாக விடும்போது நழுவல் 0.26 மி.மீ., ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். போதிய நீளம் ஒட்டிய பட்டையை ஒரு முனையில் பிடித்து நேராக இழுத்தால் ஒட்டு தாங்கும் உச்ச விசைக்கு அழகான சூத்திரம் உண்டு: அகலம் × √(2 × யங் குணகம் × தடிமன் × முறிவு ஆற்றல்). போட்டுப் பார்த்தால் 44 கிலோநியூட்டன்.

இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பாருங்கள். இப்படிப்பட்ட பட்டையின் இழுவிசை வலிமை 2800 மெகாபாஸ்கல் என்று வைத்தால் அது அறுந்துபோக 336 கிலோநியூட்டன் வேண்டும். ஒட்டு விடுவதோ 44-இல். பட்டையின் தகைவு அப்போது 366 மெகாபாஸ்கல்தான், வலிமையில் 13 சதவீதம். 'டை' கொடுத்த மாடலுக்கு இந்த 44 என்ற எண்ணே தெரியாது. பட்டை அறும்வரையோ மேல்பக்கக் கான்கிரீட் நொறுங்கும்வரையோ லோடை ஏற்றிக்கொண்டே போகும். உங்கள் 40 சதவீதம் வந்த வழி இதுதான்.

பீமில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. அங்கே பட்டை பல விரிசல்களைக் கடந்து போகிறது. அடுத்தடுத்த இரண்டு விரிசல்களுக்கு நடுவே ஒட்டு கடத்த வேண்டியது, இரண்டு இடத்திலும் பட்டையில் உள்ள விசைகளின் வித்தியாசத்தை மட்டுமே. அதனால் நடுவிலுள்ள விரிசலில் தொடங்கும் ஒட்டுப் பிரிவு, நேர் இழுவைச் சோதனையைவிடக் கூடுதலான திரிபில்தான் (நீட்சி ÷ நீளம்) நடக்கும். அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் 440.2ஆர் வழிகாட்டி இதற்குத் தரும் வரம்பு: 0.41 × √(கான்கிரீட் அமுக்க வலிமை ÷ (அடுக்குகளின் எண்ணிக்கை × யங் குணகம் × தடிமன்)), அதோடு அறும் திரிபில் 90 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 25 மெகாபாஸ்கல் கான்கிரீட்டில் நம் பட்டைக்கு இது 0.0046. நேர் இழுவையில் கிடைத்தது 0.0022. உங்கள் மாடலில் உச்ச லோடின்போது பட்டையின் திரிபு 0.008, 0.01 என்று நின்றால், வேறெதையும் பார்க்க வேண்டாம், ஒட்டை எங்கோ தவறவிட்டிருக்கிறீர்கள்.

ஆக முதல் வேலை 'டை'யை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கொஹிசிவ் எலிமெண்டோ கொஹிசிவ் தொடுபரப்போ, அதாவது மேலே சொன்ன உறவுப்படி நழுவி விடக்கூடிய ஒட்டு, வைப்பது. வெட்டுத் திசையில் தொடக்க விறைப்பு 3.75-ஐ 0.049 ஆல் வகுத்தால் வருவது, சுமார் 77 நியூட்டன்/கன மி.மீ. பலர் இங்கே பத்து லட்சம் என்று ஏதோ ஒரு பெரிய எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் உச்சத்துக்கு முந்தைய நழுவலே மறைந்துவிடும், கணினி ஓட்டமும் நடுவில் நின்றுவிடும். எலிமெண்டின் நீளத்துக்கும் ஓர் அளவு இருக்கிறது. சென், டெங் 2001-இல் தந்த சூத்திரப்படி, ஒட்டு உண்மையில் வேலை செய்யும் நீளம் நம் பட்டைக்கு ஏறக்குறைய 200 மி.மீ. அதற்குள் தகைவு ஏறி இறங்குவதை எலிமெண்டுகள் பிடிக்க வேண்டும். 5 முதல் 10 மி.மீ. நீளம் நன்றாக வேலை செய்கிறது, 50 மி.மீ. வைத்தால் ஏற்ற இறக்கமே தெரியாது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, இதில் சிக்காதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒட்டின் உச்சத் தகைவு 3.75, பக்கத்துக் கான்கிரீட் எலிமெண்டின் இழுவிசை வலிமை 2.5. தூய வெட்டில் முதன்மை இழுவிசைத் தகைவும் வெட்டுத் தகைவும் சமம். ஆகவே ஒட்டு உச்சத்தைத் தொடும் முன்பே அதை ஒட்டிய கான்கிரீட் வரிசை முழுவதும் மாடலில் விரிசல் விட்டுத் தளர்ந்துவிடலாம். ஒட்டின் உறவு சோதனையிலிருந்து வந்தது, அந்தக் கான்கிரீட் தோலின் கிழிவு ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது. அதே கிழிவைக் கான்கிரீட் எலிமெண்டிலும் நடக்க விட்டால் ஒரே சேதத்தை இரண்டு முறை எண்ணுகிறோம். பீமுக்குப் போகும் முன் ஒரு கான்கிரீட் கட்டை, ஒரு பட்டை, ஒரு நேர் இழுவை என்ற சின்ன மாடலை ஓட்டிப் பாருங்கள். 44-க்குப் பக்கத்தில் வந்தால் மேலே போகலாம். 30 வந்தால் பட்டையை ஒட்டிய வரிசையில் கான்கிரீட்டின் சேத நிறப்படத்தைத் திறந்து பாருங்கள், அங்கே சிவந்திருக்கும். பட்டைக்கு நேர் மேலுள்ள அந்த ஒரே ஒரு வரிசையை மட்டும் மீள்தன்மையுள்ளதாக விடுவது ஒரு வழி. அதைச் செய்தால் அறிக்கையில் எழுதிவிடுங்கள், மறைக்காதீர்கள்.

அப்புறம் மெஷ். விடை மெஷ்ஷோடு மாறுவதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, 'டை' போட்ட பட்டையின் முனை. அது ஒரு கூர்மூலை. மெஷ்ஷைப் பொடியாக்கப் பொடியாக்க அங்கே தகைவு ஏறிக்கொண்டே போகும், எங்கும் நிற்காது. இரண்டாவது, கான்கிரீட்டின் இழுவிசைத் தளர்வைத் திரிபாகக் கொடுப்பது. அபாகஸில் கான்கிரீட்டுக்கென்றே உள்ள கான்கிரீட் டேமேஜ்டு பிளாஸ்டிசிட்டி மாதிரியில் விரிசல் விட்டபின் தகைவு எப்படி இறங்குகிறது என்று சொல்ல வேண்டும். அதைத் திரிபு அட்டவணையாகக் கொடுத்தால், விரிசல் ஓர் எலிமெண்ட் வரிசைக்குள் ஒடுங்கும்போது 50 மி.மீ. எலிமெண்ட் செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் 10 மி.மீ. எலிமெண்ட் செலவழிக்கும். ஹில்லர்போர்க் 1976-இலும், பஜாந்தும் ஓவும் 1983-இலும் காட்டிய வழி இதற்குத்தான்: விரிசல் திறப்புக்கு எதிராகத் தகைவைக் கொடுங்கள், அல்லது அந்தத் திறப்பை எலிமெண்ட் அளவால் வகுத்து வரும் திரிபைக் கொடுங்கள். முறிவு ஆற்றலுக்கு 2010 மாதிரி விதிநூலின் சூத்திரம் கைவசம் இருக்கிறது: சராசரி அமுக்க வலிமையை 0.18 படிக்கு உயர்த்தி 73 ஆல் பெருக்கினால் நியூட்டன்/மீட்டரில் விடை. சாதாரண கான்கிரீட்டுக்கு அது 140-ஐ ஒட்டி வரும். ஒட்டின் முறிவு ஆற்றல் 0.487 என்று பார்த்தோமே, அதே அலகில் இது 0.14. இரண்டும் வேறு வேறு, ஒன்றின் இடத்தில் மற்றதைப் போடக்கூடாது.

விரிசலோடு இன்னொன்றும் சேர்ந்து வருகிறது. நடுவிரிசலில் தொடங்கும் ஒட்டுப் பிரிவு, விரிசல்கள் எந்த இடைவெளியில் விழுகின்றன என்பதைப் பொறுத்தது. உள்ளேயுள்ள எஃகுக் கம்பியை 'எம்பெடெட்' என்று கொடுத்து முழு ஒட்டோடு விட்டால், மாடலில் விரிசல் தனித்தனியாக விழாமல் பீமின் அடி முழுதும் மங்கலாகப் பரவும். பரவிய விரிசலில் நழுவல் ஓரிடத்தில் கூடாது; கூடாவிட்டால் ஒட்டு விடாது. பட்டையின் ஒட்டுக்கு இத்தனை அக்கறை காட்டிவிட்டு, கம்பியின் ஒட்டை மறந்தால் மறுபடி லோடு ஏறிப்போகும். கம்பிக்கும் நழுவல் உறவு கொடுத்துப் பாருங்கள், விரிசல்கள் கோடுகோடாகப் பிரிந்து நிற்கும்.

பட்டையின் முனையில் நடக்கும் உடைவு வேறு வகை. முனையில் தொடங்கும் விரிசல் சாய்வாக மேலே போய், கம்பியின் மட்டத்தைத் தொட்டு, அங்கிருந்து கம்பி வழியே கிடையாக ஓடும். பட்டையோடு மூடுகான்கிரீட் (கம்பிக்குக் கீழுள்ள கான்கிரீட்) முழுதும் பாளமாகப் பெயர்ந்து விழும். இதைக் கொஹிசிவ் இடைமுகம் பிடிக்காது, ஏனென்றால் விரிசல் அந்த வழியில் போகவே இல்லை. மூடுகான்கிரீட்டின் உயரத்தில் நாலைந்து எலிமெண்டாவது இருந்தால்தான் அது தெரியும். பட்டை தாங்கிக்கு ரொம்ப முன்னாலேயே நிறுத்தப்பட்டிருந்தால் இந்த உடைவைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

பட்டைக்குக் கொடுக்கும் எண்களிலும் கவனம் வேண்டும். பட்டை நேர்கோட்டு மீள்தன்மை உடையது, அறும்வரை வளையாத கோடு. அதில் சிக்கல் கிடையாது. சிக்கல் தடிமனில். துணி வகையில் 0.167 மி.மீ. என்று தருவது உலர்ந்த இழையின் தடிமன், அதற்குரிய யங் குணகம் 230 ஜிகாபாஸ்கல் அளவில் இருக்கும். பிசின் ஊறிக் காய்ந்தபின் அதே துணி ஒரு மில்லிமீட்டர்வரை தடிக்கும், அதன் குணகமும் அதற்கேற்பக் குறையும். ஒரு முறை இழையின் குணகத்தையும் காய்ந்த தகட்டின் தடிமனையும் சேர்த்துப் போட்டு, பட்டை ஏன் இவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று இரண்டு நாள் தேடியிருக்கிறேன். இரண்டின் பெருக்கல்தான் முக்கியம், இரண்டும் ஒரே வரையறையிலிருந்து வர வேண்டும். அதோடு இழைத் திசை: உள்ளூர் அச்சு தவறிவிட்டால் பட்டை குறுக்கே வலுவாகவும் நெடுக்கே பலவீனமாகவும் நிற்கும், மென்பொருள் ஒரு எச்சரிக்கையும் தராது.

ஆய்வகத்தில் லோடு இல்லாத பீமில் ஒட்டியிருந்தால் இந்தப் பத்தி உங்களுக்குப் பொருந்தாது. பயன்பாட்டில் உள்ள கட்டடத்தை மாடல் செய்யும்போது கட்டாயம் பொருந்தும். பட்டை ஒட்டும் நாளில் பீம் ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கிறது, அடியில் விரிசலும் இருக்கிறது. அந்தச் சுமை பட்டைக்குத் தெரியாது. அது சுழித் திரிபில் பிறக்கிறது. மாடலில் முதல் படியில் பட்டையை அணைத்துவைத்து, இருக்கும் சுமையை ஏற்றி, இரண்டாம் படியில் பட்டையைத் திரிபின்றி உயிர்ப்பிக்க வேண்டும். அபாகஸில் 'மாடல் சேஞ்ச்' என்ற கட்டளை இதற்காகவே இருக்கிறது. இதைச் செய்யாத மாடலில் பட்டை முதல் கிலோகிராமிலிருந்தே பங்கெடுக்கும், கம்பி மிகத் தாமதமாக இளகும், எல்லாமே நிஜத்தைவிட நல்லதாகத் தெரியும்.

ஓட்டம் நடுவில் நின்றுவிடுவது பற்றியும் சொல்ல வேண்டும். ஒட்டு விடும் கணத்தில் பட்டையில் சேர்ந்திருந்த ஆற்றல் சட்டென்று வெளியேறுகிறது. நிலையான தீர்வுமுறை அங்கே திணறுவது இயல்புதான், அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பலரும் விஸ்காசிட்டி எண்ணை (கணக்கை நிலைப்படுத்தச் சேர்க்கும் செயற்கைப் பிசுக்கு) ஏற்றி ஓட்டத்தை முடித்துவிடுகிறார்கள். ஏற்றினால் உச்ச லோடும் கூடவே ஏறுகிறது. பத்தில் ஒரு பங்காகக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். உச்ச லோடு அசைந்தால் முதல் விடை விஸ்காசிட்டியின் விடை. என் விருப்பம் எக்ஸ்ப்ளிசிட் முறையில், அதாவது நேரத்தைப் பொடிப்பொடியாக நகர்த்தும் இயக்கக் கணக்கில், மெதுவாக ஏற்றுவது. இயக்க ஆற்றல் உள்ளாற்றலில் 5 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டால், பிரிவு தொடங்கும்வரை அந்த விடையை நம்பலாம். பிரிவின்போது அது துள்ளும், அது நியாயமான துள்ளல்தான், பட்டை நிஜத்திலும் வெடித்தாற்போல்தான் பிரிகிறது. பாதி பீமை மட்டும் மாடல் செய்திருந்தால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பிரிவதாகக் கணக்காகும் என்பதும் நினைவிருக்கட்டும். சோதனையில் ஒரு பக்கம்தான் பிரியும், ஆகவே உச்சத்துக்குப் பிந்தைய வளைவு பொருந்தவில்லை என்று கவலைப்பட வேண்டாம்.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒப்பிடும் முறை பற்றி. லோடு–தொய்வு வளைவு பொருந்திவிட்டது என்று காட்டி முடித்துவிடும் ஆய்வேடுகள் ஏராளம். அந்த வளைவின் முதல் முக்கால் பாகத்தைத் தீர்மானிப்பது கம்பியும் கான்கிரீட்டும். பட்டையின் ஒட்டைத் தப்பாகக் கொடுத்தாலும் அது அழகாகப் பொருந்தும். டைலேஷன் கோணத்தை (சேதமாகும் கான்கிரீட் எவ்வளவு உப்பும் என்று சொல்லும் எண்) 30-லிருந்து 38-க்கு நகர்த்தி மிச்சத்தையும் பொருத்திவிடலாம். சோதனையில் பட்டை நெடுக ஒட்டிய திரிபுமானிகளின் அளவுகளை எடுத்து, மூன்று நான்கு லோடு நிலைகளில் பட்டை நீளவாக்கில் திரிபு எப்படி இறங்குகிறது என்று மாடலோடு வைத்துப் பாருங்கள். ஒட்டு விடத் தொடங்கிய இடத்தில் அந்தக் கோடு தட்டையாகும், ஏனென்றால் அங்கே விசை கடத்தப்படவில்லை. லோடு ஏற ஏறத் தட்டையான பகுதி முனையை நோக்கி நகரும். மாடலிலும் அது அதே இடத்தில் தொடங்கி அதே பக்கம் நகர்ந்தால், உச்ச லோடில் 8 சதவீதம் பிசகினாலும் அந்த மாடலை நான் நம்புவேன். திரிபுக் கோடு பொருந்தாமல் லோடு மட்டும் பொருந்தினால் நம்பமாட்டேன். பட்டை ஒட்டாத சாதா பீமையும் அதே எண்களோடு ஓட்டியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தூணைச் சுற்றி இழை சுற்றும் மாடல் தனிக் கதை, ஆனால் பீமுக்கு எடுத்த எண்களை அப்படியே அங்கே கொண்டுபோகிறவர்கள் இருப்பதால் இரண்டு வார்த்தை. அங்கே ஒட்டு முக்கியமில்லை, கான்கிரீட் பக்கவாட்டில் எவ்வளவு உப்புகிறது என்பதுதான் எல்லாம், மாறாத டைலேஷன் கோணம் அதைச் சரியாகச் சொல்லாது. இழையும் தட்டைத் துண்டுச் சோதனையில் அறும் திரிபுவரை தாங்காது. லாம், டெங் 2003-இல் கார்பனுக்குக் கண்ட சராசரி அதில் 0.586 பங்கு; 440.2ஆர் 0.55 எடுக்கச் சொல்கிறது.

கடைசியாக, சூத்திரமே போதாதா என்ற கேள்வி. சாதாரண செவ்வக பீம், அடியில் நேராக ஒட்டிய பட்டை, பீம் வளைவதுதான் (பெண்டிங்) பிரச்சினை என்றால் போதும். 440.2ஆரின் திரிபு வரம்பை வைத்துக் கையால் போட்ட கணக்கு அரை நாளில் முடியும். உங்கள் மாடலும் ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்க வேண்டும். அந்த வரம்பு உருவானதே இப்படிப்பட்ட பீம்களின் சோதனைகளிலிருந்துதான். துளை வெட்டிய தளம், துருப்பிடித்துப் பிளந்த மூடுகான்கிரீட், முனையில் இழை ஆணி அடித்து நிறுத்திய பட்டை, வளைந்த அடிப்பரப்பில் ஒட்டிய பட்டை, வெட்டுக்கும் பெண்டிங்குக்கும் சேர்த்து வலுவூட்டிய பீம் என்று வந்தால் சூத்திரத்தின் எல்லை முடிந்துவிடுகிறது. வளைந்த அடிப்பரப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்: குழிந்த பரப்பில் ஒட்டிய பட்டை இழுபடும்போது நிமிரப் பார்க்கிறது, நிமிரும்போது கான்கிரீட்டை விட்டு விலகும் திசையில் இழுக்கிறது, நாம் மேலே போட்ட கணக்கில் அந்த இழுவைக்கு இடமே இல்லை. அங்கேதான் கொஹிசிவ் எலிமெண்டின் செங்குத்துத் திசை எண்களும் வேலைக்கு வருகின்றன. நீங்கள் இப்போது சாதா பீமில் படும் பாடு அப்படிப்பட்ட ஒன்றுக்குப் போகத்தான் என்றால், 'டை'யை எடுத்துவிட்டு அந்தக் கான்கிரீட் கட்டையில் 44 வருகிறதா என்று இன்றைக்கே ஓட்டிப் பாருங்கள்.